ஆர்டர் நின்ற வாரத்தில் கிறிஸ்தவ முதலாளி செய்ய வேண்டியது: முழுமையான வழிகாட்டி

2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. அமெரிக்க பையர்களை நம்பி ஓடிய திருப்பூர் பனியன் கம்பெனிகள் பலவற்றுக்கு, கட்டிங் டேபிளில் துணி விரித்திருக்கும்போதே "ஷிப்மென்டை நிறுத்தி வையுங்கள்" என்று மெயில் வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் இதே நிலைதான். இனியும் ஏதாவது ஒரு காரணத்தால் வரும்.

நூறு பேருக்கு உட்பட்ட ஒரு கம்பெனியை நடத்துகிற, அல்லது அதில் மேனேஜராக இருக்கிற கிறிஸ்தவருக்காக எழுதியது இது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கோவை பவுண்டரிக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் கணக்குத் தலைப்புகள் மாறுமே தவிர வரிசை மாறாது. அந்த வரிசைதான் இங்கே முக்கியம். நெருக்கடியில் ஒருவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்பதை ஆபீஸ் சுவரில் தொங்கும் வாக்குத்தத்த வசனம் காட்டாது. யாருக்கு முதலில் பணம் போகிறது, யாருக்கு முதலில் உண்மை போகிறது என்பதில் அது தெரிந்துவிடும்.

படி 1: முதல் மூன்று நாள் ஜெபமும் கணக்கெடுப்பும்

நெகேமியா எருசலேமுக்கு வந்ததும் மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறகு இரவில் சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தான். அதற்கு முன்பே, கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறத்தாழ நான்கு மாதம் ஜெபித்திருந்தான். அவன் வேலை செய்த பாரசீக ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்ட நொடியில் அவனிடம் பதில் தயாராக இருந்தது: எவ்வளவு காலம் வேண்டும், எந்தெந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், எந்த வனக் காவலாளனிடமிருந்து மரம் வேண்டும். ஜெபித்த மனுஷன் கையில் பட்டியல் இருந்தது. இதைக் கவனிக்காமல் நெகேமியாவைப் பற்றிப் பிரசங்கம் மட்டும் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு நான்கு மாதம் கிடைக்காது. மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஜெபம், பகலில் கணக்கு. கூட உட்கார வேண்டியவர்கள் மூன்று பேர்: அக்கவுண்டன்ட், புரொடக்‌ஷன் மேனேஜர், கணவர் அல்லது மனைவி. திருப்பூரில் பல கம்பெனிகளில் மனைவி பங்குதாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டுப் பத்திரமும் பேங்கில் இருக்கும். அவருக்குத் தெரியாமல் எடுக்கும் முடிவு மூன்றாவது மாதத்தில் வீட்டில் வேறு ஒரு நெருக்கடியாக வெடிக்கும்.

இந்த மூன்று நாளில் எழுதி முடிக்க வேண்டியவை: கையில் எழுத்துப்பூர்வமாக இருக்கும் ஆர்டர் எத்தனை பீஸ், அது எத்தனை வார வேலை, துணியாகவும் நூலாகவும் தேங்கி நிற்கும் பணம், வர வேண்டிய பில்கள், தர வேண்டிய பாக்கிகள். கடைசியாகச் சொன்ன பாக்கிகளில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க்காரர் பெயரும் தனித்தனியாக வர வேண்டும். "டையிங் பாக்கி மொத்தம் 14 லட்சம்" என்று ஒரே வரியில் எழுதினால் அதில் எந்தச் சின்ன யூனிட் மூழ்கப்போகிறது என்பது தெரியாது.

படி 2: 13 வார ரொக்கக் கணக்கு

லாப நட்டக் கணக்கை இப்போது மூடி வையுங்கள். தேவைப்படுவது 13 வாரத்துக்கான ரொக்கக் கணக்கு. ஒரு எக்செல் தாளில் வாரத்துக்கு ஒரு பத்தி. மேலே ஆரம்ப இருப்பு, அடுத்து வரவு, அடுத்து செலவு, கீழே சனிக்கிழமை சாயந்திர இருப்பு.

உதாரணத்துக்கு 90 பேர் கம்பெனி. ஆளுக்குச் சராசரி 3,500 ரூபாய் என்றால் வாரச் சம்பளம் 3,15,000. ஹாஸ்டல் சாப்பாடு, கரண்ட் பில்லின் வாரப் பங்கு, வண்டி, பி.எஃப், ஈஎஸ்ஐ எல்லாம் சேர்த்து இன்னும் 1,35,000. ஆக வாரம் 4.5 லட்சம் வெளியே போகிறது. கையிருப்பு 9 லட்சம். மூன்றாம் வாரத்தில் 11 லட்சம் பில் வரும் என்று பையர் சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதினால் மூன்றாம் வார முடிவில் 6.5 லட்சம் மிச்சம், ஐந்தாம் வாரத்தில்தான் 2.5 லட்சம் பள்ளம். நிம்மதியாகத் தூங்கலாம் போலிருக்கும். அதே 11 லட்சம் இரண்டு வாரம் தள்ளிப்போனால்? மூன்றாம் சனிக்கிழமை 4.5 லட்சம் துண்டு விழும். நான்காம் சனிக்கிழமை 9 லட்சம். ஒரே கம்பெனி, ஒரே பில், இரண்டு வாரத் தாமதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் எல்லா வரவையும் சொன்ன தேதியிலிருந்து இரண்டு வாரம் தள்ளியே எழுதுங்கள். கையெழுத்தோ பேங்க் ஆவணமோ இல்லாத வரவை எழுதவே வேண்டாம். ஜிஎஸ்டி ரீஃபண்டையும் டிராபேக்கையும் (ஏற்றுமதிக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) பலர் இந்த மாதமே வந்துவிடும் என்று போடுவார்கள், அது கணக்கைப் பொய்யாக்கும். ஈசிஜிசி காப்பீடு (பையர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் ஏற்றுமதிக் கடன் காப்பீடு) இருந்தால், பாலிசியில் சொன்ன கெடுவுக்குள் பையரின் தாமதத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கெடு தாண்டினால் க்ளெய்ம் சிக்கலாகும்.

விசுவாசத்தின் பெயரால் இங்கே ஒரு தவறு நடக்கும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, வராத ஆர்டரை வந்ததாக நினைத்து நூல் வாங்கிவிடுவார்கள். கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுவேதான் (லூக்கா 14:28). அற்புதம் நடந்தால் அது வந்த வாரத்தில் வரவு எழுதிக்கொள்ளலாம்.

படி 3: பணம் போகும் வரிசையை எழுதுங்கள்

பணம் எல்லாருக்கும் போதாது என்று தெரிந்த பிறகு, யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவருக்குப் போய்விடும். மீட்டர் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பார், ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையன் நிற்கமாட்டான். அதனால் வரிசையை முதலிலேயே எழுதி, அக்கவுண்டன்ட் கையில் கொடுத்துவிட வேண்டும்.

முதல் இடம் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கும். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்கிறது லேவியராகமம் 19:13. சட்டமும் அதற்குக் கிட்டத்தட்ட அருகில் வருகிறது: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வாரச் சம்பளத்தை வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் கொடுக்க வேண்டும், மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்.

இரண்டாவது, ஊழியர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப், ஈஎஸ்ஐ. அடுத்த மாதம் 15-ஆம் தேதி கெடு. பிடித்த 12 சதவீதம் அவர்களுடைய பணம், உங்கள் கையில் இருக்கும் அடைக்கலப் பொருள். அதை நூல் பில்லுக்குத் திருப்பினால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே சட்டம் பார்க்கிறது. "அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்" என்பது பல நல்ல மனிதர்கள் செய்யும் தவறு.

மூன்றாவது, சின்ன ஜாப் ஒர்க்காரர்கள். நான்கு மெஷின் வைத்து ஓவர்லாக் அடிப்பவருக்கு நீங்கள்தான் பையர். அவர் உத்யம் (சிறு தொழில்) பதிவு செய்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாதபோது 15 நாளுக்குள் கொடுப்பது உங்கள் சட்டக் கடமையும்கூட. முழுதாக முடியாவிட்டால் பாதியாவது, தேதி சொல்லிக் கொடுங்கள்.

பிறகு கரண்ட், டீசல், பேங்க் வட்டி, ஜிஎஸ்டி. பேங்கை இங்கே வைத்ததால் அலட்சியமாக விடலாம் என்று அர்த்தமில்லை. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதற்கு முன் 30, 60 நாள் எல்லைகளிலேயே பேங்க் உங்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கும். தவணை தவறுவதற்கு முந்தைய மாதமே 13 வாரத் தாளோடு மேனேஜரைப் பாருங்கள். தவறிய பிறகு போனால் அதே தாள் சாக்குப்போக்காகத் தெரியும்.

கடைசி இடம் முதலாளியின் சொந்த எடுப்புக்கு, அதாவது அவர் தனக்காக எடுக்கும் பணத்துக்கு. நெகேமியா அதிபதியாக இருந்த 12 வருஷமும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை, ஜனங்களின்மேல் பாரம் அதிகமாயிருந்ததால் (நெகேமியா 5). சபைக்கு எழுதிக் கொடுத்த காணிக்கை வாக்குறுதியும் இந்தக் கடைசி வரிசையில்தான் வரும். இது சிலருக்கு உறுத்தும். தசமபாகம் உங்கள் வருமானத்திலிருந்து கொடுப்பது. டெய்லரின் மூன்று வாரப் பாக்கியை வைத்துக்கொண்டு ஆலயக் கட்டட நிதிக்குச் செக் கொடுத்தால் அது அவருடைய பணத்தில் கொடுத்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மத்தேயு 5:24. உங்கள் போதகரிடம் இதை நேராகச் சொல்லிவிடுங்கள். நல்ல போதகர் புரிந்துகொள்வார்.

படி 4: உண்மையை வதந்திக்கு முன்னால் சொல்லுங்கள்

கட்டிங் நின்ற இரண்டாம் நாளே செக்கிங் டேபிளில் பேச்சு ஆரம்பித்துவிடும். நான்காம் அல்லது ஐந்தாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். சனிக்கிழமை வேண்டாம், சம்பளம் வாங்கிக்கொண்டு அப்படியே ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை, டீ நேரத்துக்கு முன்னால் பத்து நிமிடம். இந்தி, ஒடியா பேசுகிறவர்களுக்கு அவர்களுக்குள்ளேயே ஒருவரை வைத்துச் சொல்ல வையுங்கள், ஆள் கொண்டுவந்த கான்ட்ராக்டரை வைத்து வேண்டாம். அவருக்கு அவர் கணக்கு இருக்கும்.

அப்போஸ்தலர் 27-ல் பவுல் பேசியதைக் கவனியுங்கள். புயலில் அடிபட்ட கப்பலில் 276 பேர். "கப்பல் சேதமாகும், உங்களில் ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது" என்று இழப்பையும் நம்பிக்கையையும் ஒன்றாகச் சொன்னார். மாலுமிகள் நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது அதை மறைக்காமல் நூற்றுக்கு அதிபதியிடம் சொன்னார். தொழில் தெரிந்தவர்கள் முதலில் நழுவப் பார்ப்பது அன்றும் நடந்திருக்கிறது.

பேச்சு இப்படி இருக்கலாம்:

"பையர் ஆர்டரை நிறுத்தி வச்சிருக்காங்க. கையில இருக்கிற வேலை அஞ்சு வாரத்துக்கு வரும். அந்த அஞ்சு வாரமும் சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமையே வரும், அதுக்குப் பணம் ஒதுக்கி வச்சாச்சு. ஓவர்டைம் இன்னையிலிருந்து இல்ல. என் சம்பளத்தையும் மேனேஜர் சம்பளத்துல ஒரு பங்கையும் நிறுத்தியாச்சு. ஆறாவது வாரம் என்ன ஆகும்னு எனக்கு இப்ப தெரியாது. மூணாவது வாரம் திங்கக்கிழமை திரும்பக் கூப்பிட்டுச் சொல்றேன். யாருக்காவது வேற இடத்துல வேலை கிடைச்சா தாராளமா போங்க, கணக்கு முடிச்சுத் தந்திடுறேன்."

பணம் ஒதுக்கியிராவிட்டால் அந்த வரியைச் சொல்லாதீர்கள். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பதையும் விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து ஆட்குறைப்பு வந்தால் அந்த வார்த்தைதான் முதலில் திரும்பி வரும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லிவிட்டுக் கேள்விக்கு நில்லுங்கள். மூன்றாம் வாரம் திங்கள் என்று சொன்னால் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் அன்று கூப்பிட்டே ஆக வேண்டும்.

படி 5: பணியிடத்தில் ஜெபம்

உங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் இந்துக்கள், சிலர் முஸ்லிம்கள். சம்பளம் கொடுக்கிற கை ஜெபத்துக்குக் கூப்பிட்டால் அது அழைப்பாக இருக்காது, உத்தரவாகிவிடும். வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும் மாதத்தில் இரண்டு மடங்கு உத்தரவு. ஆகவே நெருக்கடிக்கென்று புதிதாகத் தொழிற்கூடத்தில் உபவாசக் கூட்டம் தொடங்க வேண்டாம். ஜெபம் வேலை நேரத்துக்கு வெளியே, ஆபீஸ் அறையில், வருகிறவர் வரட்டும் என்று இருக்கட்டும். யார் வந்தார், யார் வரவில்லை என்று சூப்பர்வைசர் குறித்துக்கொள்ளக் கூடாது. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்க வழக்கமாக விட்டு வந்தவர் இந்த வருடம் "தோஷம் வந்துவிட்டது" என்று தடுப்பதும் தவறு.

பவுல் அந்தக் கப்பலில் எல்லார் முன்பாகவும் அப்பத்தை எடுத்து, தேவனை ஸ்தோத்திரித்துச் சாப்பிட்டார். தன் விசுவாசத்தை மறைக்கவும் இல்லை, யாரையும் கூடச் சொல்லச் சொல்லவும் இல்லை. அந்த அளவு போதும்.

படி 6: வேலையைக் குறைக்கும் வரிசை

ஆளைக் குறைப்பதற்கு முன் குறைக்க வேண்டியவை: முதலாளி எடுப்பு, ஓவர்டைம், வெளியே கொடுக்கும் வேலையில் உள்ளேயே முடியக்கூடியது, பிறகு ஷிப்ட் பகிர்வு. ஆறு நாள் வேலையை நான்கு நாளாக்கி எல்லாருக்கும் பகிர்வதை டெய்லர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். பீஸ் ரேட்காரர்கள் மறுக்கலாம், பக்கத்துக் கம்பெனியில் முழு வாரம் கிடைத்தால் போய்விடுவார்கள். போகட்டும்.

50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலையில் லே-ஆஃப் (வேலை இல்லாததால் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) கொடுத்தால், தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும். ஆட்குறைப்பே செய்வதானால், ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், தகுதி இருந்தால் பணிக்கொடை. கடைசிக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

பெயர் எழுதுவதற்கு முன் அளவுகோலை எழுதி தேதி போடுங்கள். பொதுவாக ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக வந்தவர் முதலில் போவார் என்பதே சட்டத்தின் வழி. இதை எழுதாமல் உட்கார்ந்தால் நடப்பது இதுதான்: சபையிலிருந்து வேலைக்குச் சேர்ந்த நான்கு பேரும் மிஞ்சியிருப்பார்கள், பத்து வருட அயர்னிங் மாஸ்டர் போயிருப்பார். கம்பெனியில் மற்ற எல்லாரும் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

சொல்லும்போது தனியாக, உட்கார வைத்து, நீங்களே சொல்லுங்கள். "அண்ணே, இந்த வாரத்தோட உங்களுக்கு வேலை இல்ல. உங்க வேலையில குறை எதுவும் இல்ல" என்று முதல் இரண்டு வாக்கியத்தில் விஷயம் வந்துவிட வேண்டும். வசனத்தில் ஆரம்பித்துச் சுற்றி வளைத்தால் கேட்பவருக்கு நெஞ்சு படபடக்கும். கையில் கொடுக்க வேண்டியவை: கணக்குத் தாள், பணம் ஏறும் தேதி, அனுபவச் சான்று. பி.எஃப் தளத்தில் வேலையை விட்ட தேதியை அதே வாரத்தில் ஏற்றிவிடுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் அதை நீங்கள் ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அவரே ஏற்றும்வரை அவர் பணம் சிக்கி நிற்கும், அந்த இரண்டு மாதம்தான் அவருக்குப் பணம் தேவைப்படும்.

படி 7: உதவி நிதி

எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர் அதற்குத் தாங்களே பங்கு போடாமல் ஏழு பேரை நியமித்தார்கள் (அப். 6). ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆட்களின் அவசரத் தேவைக்கு நீங்கள் வைக்கும் உதவி நிதியைப் பங்கிட மூன்று பேர் போதும்: ஒரு பெண், ஒரு வெளிமாநிலத்தவர், வேறு மதத்தவர் ஒருவராவது. முதலாளியின் சொந்தக்காரர் வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு, ஒரு நோட்டு, இரண்டு கையெழுத்து. மருந்து, வாடகை, ஊருக்கு ரயில் டிக்கெட், பள்ளிக் கட்டணம் ஆகியவைக்கு மட்டும். உதவியோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்காதீர்கள்.

படி 8: யார் சொல்லைக் கேட்பது

இந்த நேரத்தில் "இந்த மாதம் உனக்குக் கதவு திறக்கிறது" என்று சொல்ல ஊழியக்காரர் யாராவது வருவார். யுத்தத்துக்குப் போக நினைத்த ஆகாப் ராஜாவுக்கு 400 தீர்க்கதரிசிகள் "போ, ஜெயிப்பாய்" என்றார்கள். மிகாயா ஒருவன்தான் மாற்றிச் சொன்னான். உங்கள் பணத்தாலோ காணிக்கையாலோ பிழைக்காத இரண்டு பேரைப் பிடியுங்கள், ஒருவர் தொழில் தெரிந்தவர், ஒருவர் ஆவிக்குரிய மூத்தவர். வாரம் ஒருமுறை 13 வாரத் தாளைக் காட்டுங்கள். அடமானத்தில் இல்லாத கடைசிச் சொத்தை வைத்துக் கடன் வாங்குவது, மீட்டர் வட்டி, பெரிய நூல் கொள்முதல் மூன்றுக்கும் இருவரும் சரி என்றால் மட்டும் கையெழுத்து.

படி 9: உங்கள் உடம்பு

சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தணலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், தூங்கினான், திரும்பச் சாப்பிட்டான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். ஞாயிறு முழுவதும் போனை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, கணக்கைத் திறக்கவே பயம், "நான் இல்லாவிட்டால் இன்சூரன்ஸாவது வரும்" என்ற எண்ணம் இவற்றில் எது வந்தாலும் விசுவாசக் குறைவு என்று மறைக்க வேண்டாம். 14416 டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104-லும் பேசலாம். உங்கள் ஆட்களுக்கும் இந்த எண்களை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

படி 10: ஆர்டர் திரும்பும்போது

புது ஆள் எடுப்பதற்கு முன் ஆட்குறைப்பில் போனவர்களுக்கு போன் போடுங்கள். அதற்காகவே அன்று அவர்கள் ஊர் நம்பரையும் சேர்த்து வாங்கி வைத்திருக்க வேண்டும். தள்ளி வைத்த பாக்கிகளைத் தள்ளி வைத்த வரிசையிலேயே தீருங்கள்: முதலில் ஜாப் ஒர்க்காரர், கடைசியில் உங்கள் எடுப்பு. யோசேப்பு ஏழு நல்ல வருஷத்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தான். அவ்வளவு முடியாவிட்டால், எட்டு வாரச் சம்பளத்துக்கு ஈடான தொகை சேரும்வரை ஒவ்வொரு ஷிப்மென்ட் பணத்திலிருந்தும் ஒரு பங்கைத் தனி டெபாசிட்டில் போடுங்கள். 90 பேர் கம்பெனிக்கு அது 25,20,000 ரூபாய். புது மெஷின் வாங்குவது அதற்குப் பிறகு.